கறை என்று நினைத்துத் தேய்க்காதீர்கள்

ஜப்பானில் கவாசாக்கி நகரில் வேலை பார்க்கும் ஒரு தங்கை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். இம்பே ஊரில் அக்டோபரில் நடக்கும் மண்பாண்டத் திருவிழாவில் ஆசைப்பட்டு வாங்கிய, பிஸென் என்ற மண்பாண்ட வகையைச் சேர்ந்த தேநீர்க் கோப்பை. வெளிர் மண்நிறம், அதன்மேல் குங்குமத்தைக் கரைத்து விசிறியதுபோல் சிவப்புக் கீற்றுகள். "அக்கா, இந்தக் கறை போகவே மாட்டேங்குது. ரெண்டு நாளா பிளீச் தண்ணியில ஊற வச்சிருக்கேன், இன்னும் என்ன செய்யலாம்?"

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அந்தக் கீற்றுக்குத்தான் அவர் காசு கொடுத்திருந்தார். ஜப்பானியர் அதை ஹிதாசுக்கி என்பார்கள். சூளையில் அடுக்கும்போது பாண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இடையில் வைக்கோல் சுற்றுவார்கள். வைக்கோலிலுள்ள பொட்டாசியமும் மண்ணிலுள்ள இரும்பும் அந்த வெப்பத்தில் சேர்ந்து, வைக்கோல் பட்ட இடமெல்லாம் சிவந்துவிடும். தேய்த்தால் போகாது, அது மண்ணோடு மண்ணாகிவிட்ட நிறம். ஆனால் கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சு பூசாத மண் பிளீச்சைக் குடித்துவிடும். குடித்ததை எளிதில் விடாது.

நான் மண் வனைபவள். இம்பேயில் ஒரு பட்டறையில் ஒன்றரை ஆண்டு இருந்து, விறகு அடுக்கியும் இரவில் சூளைக்குக் காவலிருந்தும் கற்றேன். இப்போது புதுச்சேரியில் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த ஊருக்கும் ஜப்பானிய மண்ணுக்கும் உறவு புதிதல்ல. 1971-இல் அமெரிக்கக் குயவர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் கற்று வந்தவர். அதனாலோ என்னவோ, ஜப்பானில் இருக்கும் நம்மவர்கள், அங்கே போய்வந்தவர்கள் எல்லோரும் கையில் ஒரு கோப்பையோ கிண்ணமோ வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறார்கள். நல்ல பாண்டத்தைப் பழுது என்று ஒதுக்குகிறார்கள். சாப்பிடக் கூடாத பாண்டத்தில் சாப்பிடுகிறார்கள். இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை.

பழங்காலப் பாண்டம்போல் இன்று கையால் செய்யப்படுபவை எல்லாமே ஒரே வகை அல்ல. எந்தக் காலத்துப் பாண்டத்தைப் பார்த்துச் செய்தார்கள் என்பதைப் பொறுத்து சூடும் மாறும், மண்ணும் மாறும், நம் வீட்டில் அதற்குள்ள வேலையும் மாறும்.

மிகப் பழையது ஜோமோன். 1877-இல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்கர் டோக்கியோவின் ஓமோரியில் சிப்பி மேட்டைத் தோண்டியபோது கயிறு அழுத்திய தடத்தோடு ஓடுகள் கிடைத்தன. ஜோமோன் என்றாலே கயிற்றுத் தடம்தான். நீகாத்தா மாகாணம் தோக்காமாச்சியில் சசாயாமா என்ற இடத்தில் கிடைத்த, விளிம்பில் தீ எழுந்து நெளிவதுபோன்ற பானைகள் சுமார் 5,000 ஆண்டுப் பழமையானவை. 1999-இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. 1951-இல் ஓவியர் ஒக்காமோத்தோ தாரோ அருங்காட்சியகத்தில் ஜோமோன் பாண்டங்களைப் பார்த்து அதிர்ந்துபோய் எழுதினார். அதற்குப் பிறகுதான் இவற்றைத் தொல்பொருளாக மட்டுமன்றிக் கலையாகவும் பார்க்கத் தொடங்கினார்கள். இன்று பலர் அதே முறையில் மண்ணைத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, கயிறு உருட்டிப் பதித்து, திறந்த வெளியில் விறகு மூட்டிச் சுடுகிறார்கள்.

அழகுதான். ஆனால் திறந்த தீயில் சூடு 600 முதல் 900 டிகிரி செல்சியஸ்வரைதான் ஏறும். மண் இறுகாது, தண்ணீர் கசியும். பழைய ஜோமோன் பானைகளில் ஒட்டியிருந்த கரியை ஆய்ந்தபோது மீன் கொழுப்பு கிடைத்திருக்கிறது. ஆக, அந்த மக்கள் அதில் சமைத்தார்கள். அதை நம்பி, அலங்காரத்துக்காகச் செய்த இன்றைய பானையை அடுப்பில் ஏற்றாதீர்கள். ஒருவர் ஏற்றினார். அடி பிளந்து, கொதிக்கும் சாம்பார் காலில் கொட்டிவிட்டது.

ஐந்தாம் நூற்றாண்டில் கொரியத் தீபகற்பத்திலிருந்து மலைச்சரிவில் குடையும் சுரங்கச் சூளை வந்தது. அதை அனாகாமா என்கிறார்கள். அதில் சூடு 1,000 டிகிரியைத் தாண்டும். அதில் வெந்த சாம்பல்நிறப் பாண்டம் சுவே. விறகுச் சாம்பல் பறந்து தோளில் விழுந்து உருகி, யாரும் பூசாமலே கண்ணாடிப் பூச்சாகும். இடைக்காலத்தில் செத்தோ, தொக்கோனாமே, எச்சிஸென், ஷிகராக்கி, தாம்பா, பிஸென் என்று ஆறு ஊர்கள் பேர் பெற்றன. 'ஆறு பழஞ்சூளைகள்' என்று இவற்றைச் சேர்த்துச் சொன்னவர் மண்பாண்ட ஆய்வாளர் கொயாமா ஃபுஜியோ. 2017-இல் ஜப்பானின் மரபுச் செல்வப் பட்டியலிலும் ஆறும் சேர்ந்தன.

இந்த வகைப் பாண்டங்களில்தான் வாங்குபவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஷிகராக்கி ஜாடியில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து நிற்பது அரிசிப் பொரியல்ல, மண்ணிலேயே இருக்கும் ஃபெல்ஸ்பார் கல். அதை 'நண்டுக் கண்' என்று ஆசையாகச் சொல்வார்கள். பிஸெனில் எள் தூவியதுபோல் இருந்தால் அது சாம்பல் உருகிய கோலம். அதற்கு எள் என்றே பெயர். வட்டமாக ஒரு பகுதி மட்டும் நிறம் மாறியிருந்தால் அங்கே சின்னக் கிண்ணத்தை வைத்துச் சுட்டிருக்கிறார்கள். பிஸென் மண் வயலுக்கு அடியிலிருந்து வருவது, கிளேஸ் ஏற்காதது, சூளையில் நன்றாகச் சுருங்குவது. செம்பைன் விறகு போட்டு பத்து நாள், பதினான்கு நாள் என்று மெல்லச் சூடேற்றினால்தான் பிளக்காமல் வரும். கனேஷிகே தோயோ என்ற இம்பே குயவர், மங்கிப்போயிருந்த 16-ஆம் நூற்றாண்டு பிஸெனின் மண்ணையும் தீயையும் ஆண்டுக்கணக்கில் தேடிப் பிடித்து மீட்டார். 1956-இல் அவரை 'வாழும் தேசியச் செல்வம்' ஆக்கினார்கள். நீங்கள் கையில் பிடித்திருக்கும் பிஸென் கோப்பைக்குப் பின்னால் அந்தத் தேடல் இருக்கிறது.

வாங்கும்போது நம் ஊர்ச் சந்தையில் செய்வதையே செய்யுங்கள், தட்டிப் பாருங்கள். பிஸென், சுவே வகை கணீர் என்று உலோகம்போல் ஒலிக்கும். தாழ்ந்த சூட்டில் வெந்தது மொத்தென்று ஒலிக்கும். ஹாகி ஊர்க் கிண்ணமும் அப்படித்தான், அதன் இயல்பு அது. கணீர் என்று ஒலிக்க வேண்டிய பாண்டம் கரகரத்தால் எங்கோ விரிசல் இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என்ன செய்வது? இதை நம் பாட்டிமாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புது மண்சட்டியைக் கழுநீர் ஊற்றிப் பழக்குவோமே, ஜப்பானியரும் அரிசி கழுவிய தண்ணீரில்தான் பாண்டத்தை மெல்லக் கொதிக்கவைக்கிறார்கள். மண்ணின் நுண்துளைகளைக் கஞ்சிப்பசை அடைக்கும். இகா ஊர்ச் சமையல் சட்டிக்கு இது கட்டாயம். அந்த மண் பழைய பிவா ஏரியின் அடிவண்டல். அதில் மக்கிய செடிகொடி சூளையில் எரிந்துபோய்த் துளைகளை விட்டுச் செல்கிறது. அதில் முதலில் கஞ்சி காய்ச்சிவிட்டுத்தான் மற்றதைச் சமைக்க வேண்டும். அடி ஈரமாக இருக்கும்போது அடுப்பில் வைக்கக் கூடாது. பழக்குவது என்று நாம் சொல்வதை அவர்கள் 'வளர்ப்பது' என்கிறார்கள். இரண்டு சொல்லும் பாண்டத்தைப் பிள்ளைபோல் நடத்துகின்றன.

தினசரி உபயோகத்துக்கு முன் பத்து இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரில் ஊறவிடுங்கள். மண் தண்ணீரைக் குடித்து நிறைந்துவிட்டால் எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்காது. இருந்தாலும் ஷினோ, ஹாகி போல நுண்வெடிப்பு ஓடிய வெள்ளைக் கிளேஸில் மீன்குழம்பு ஊற்றாதீர்கள். நம் மஞ்சள் அந்த வெடிப்பில் புகுந்தால் பிறகு வெளியே வராது. மைக்ரோவேவ் வேண்டாம். துளையிலிருக்கும் ஈரம் ஆவியாகிப் பாண்டத்தைப் பிளக்கலாம். கழுவியபின் ஒரு இரவு முழுதும் காற்றாட விடுங்கள். கடற்கரை ஊரில் ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இங்கே ஒவ்வொரு மழைக்காலமும் இதைப் பார்க்கிறேன்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராக்கு என்பது தாழ்ந்த சூட்டில் சுடும் கிண்ண வகை. பழைய முறையில் அதன் கிளேஸில் ஈயம் சேர்ப்பார்கள். தாழ்ந்த சூட்டில் பளபளவென்று உருக அது உதவியது. இன்று ஈயமில்லாத கலவை இருக்கிறது, பலரும் அதைத்தான் பூசுகிறார்கள். ஆனால் பழைய கிண்ணமா, பழைய முறையைப் பிடிவாதமாகப் பின்பற்றிச் செய்ததா என்று தெரியாமல் அதில் ரசம், எலுமிச்சை ஊறுகாய், தயிர் வைக்காதீர்கள். புளிப்பு ஈயத்தைக் கரைத்து எடுக்கும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த விஷயத்தில் எந்தத் தயவும் காட்ட வேண்டாம்.

உடைந்ததைப் பொன்கோடாக ஒட்டும் கின்சுகியும் இப்படித்தான். உண்மையான கின்சுகி உருஷி மரப்பாலால் ஒட்டுவது. உருஷி நம் சேங்கொட்டை, மா, முந்திரிக் குடும்பம். காயாத பால் பட்டால் சேங்கொட்டை போலவே தோல் கொப்பளிக்கும், முழுதும் காய்ந்தபின் தீங்கில்லை. கடையில் விற்கும் விரைவுப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது எப்பாக்சி என்ற செயற்கைப் பசையும் பித்தளைத் தூளும். அப்படி ஒட்டிய கோப்பை அலமாரியில் இருக்கட்டும்.

பழமையைப் பின்பற்றுவதற்கும் பழமை என்று பொய் சொல்வதற்கும் இடையிலுள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதை ஜப்பானே அனுபவித்திருக்கிறது. எய்னின் என்ற ஜப்பானியச் சகாப்தத்தின் 2-ஆம் ஆண்டு, அதாவது 1294 என்று பொறித்த ஒரு செத்தோ ஜாடியை 1959-இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே, அது தன் கைவேலை என்று கத்தோ தொக்குரோ என்ற பெரிய குயவர் சொன்னார். எக்ஸ்-ரே ஒளிர்வுச் சோதனையில் கிளேஸ் பழைய காலத்தோடு ஒத்துவரவில்லை. 1961-இல் அறிவிப்பை நீக்கினார்கள். ஜாடியைப் பரிந்துரைத்திருந்த கொயாமா பதவி விலகினார். ஆறு பழஞ்சூளைகளுக்குப் பெயர் வைத்த அதே கொயாமா. அவ்வளவு பெரிய கண்ணையே ஏமாற்ற முடிந்தது என்றால், இணையத்தில் 'முன்னூறு வருடப் பழசு' என்று விற்பதைப் படம் பார்த்து நம்பலாமா? இன்று நேர்மையாகச் செய்பவர் தன் முத்திரையை அடியில் பொறிப்பார், விலை உயர்ந்ததென்றால் தன் கையெழுத்திட்ட மரப்பெட்டியில் வைத்துக் கொடுப்பார். அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

தங்கையின் கோப்பையை வெந்நீரில் போட்டு, நாளுக்கு இருமுறை தண்ணீர் மாற்றச் சொன்னேன். வாடை முழுதும் போகாவிட்டால் பூ வைக்க மட்டும் என்று சொல்லியிருக்கிறேன். கீற்றுகள் அப்படியே இருக்கின்றன. அடுத்த முறை இம்பே போகும்போது கேட்பதற்கு ஒரு வரியும் எழுதி அனுப்பினேன், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்: "ஷொக்கி தொஷ்தே ட்சுக்காஎமாஸ் கா?" சாப்பாட்டுக்குப் பயன்படுத்தலாமா என்று பொருள். செய்தவரே கடையில் உட்கார்ந்திருந்தால் எத்தனை டிகிரியில் சுட்டது, எப்படிக் கழுவுவது என்பதையும் சேர்த்தே சொல்வார்.