மாடியில் பூத்தது இமயமலைப் பூ இல்லை, லாத்தா

போன வாரம் கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தொட்டியும் கையுமாக ஆட்டோவில் வந்து இறங்கினார். தொட்டியில் ஆப்பிள் கன்று. ஆன்லைனில் 900 ரூபாய் கொடுத்து வாங்கியதாம். இலை ஓரமெல்லாம் கருகி, சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது. தொட்டியின் வாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். (தொழில் பழக்கம், நீங்கள் செய்யாதீர்கள்.) உப்பு.

“தினமும் காலையில ஐஸ் கட்டி எடுத்து வேர்ல வைக்கிறேன் தம்பி. இதுக்கு மேல எப்படிக் குளுமை பண்றது?”

“ஐஸ் எந்தத் தண்ணியில போடுறீங்க லாத்தா?”

“போர் தண்ணியிலதான்.”

சரி. தினமும் உப்பைக் கட்டியாக்கி ஊட்டியிருக்கிறார். இது வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செல்போனை நீட்டிவிட்டார். மாடியில், இரவு பதினோரு மணிக்கு, கை அகலத்துக்கு விரிந்த வெள்ளைப் பூ. “இமயமலையில மட்டும் பூக்குற பிரம்ம கமலமே எங்க வீட்ல பூத்திருக்கு. ஆப்பிள் வராதா?”

இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் இருபது வருஷமாக நர்சரி நடத்துகிறேன். ஆடி பிறந்தால் போதும், “இமயமலைப் பூ நம்ம ஊரில் பூத்த அதிசயம்” என்று போட்டோ வந்துவிடும். அக்கம்பக்கத்தார் கூடி, சூடம் காட்டிக் கும்பிடுகிறார்கள். கும்பிடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அது இமயமலையைக் கண்டதே இல்லை.

உங்கள் மாடியில் பூத்தது ஒரு கள்ளி. முள் இல்லாததால் நம்ப மறுக்கிறீர்கள். இலை என்று நீங்கள் நினைக்கும் அந்தத் தட்டையான பச்சைப் பட்டைதான் அதன் தண்டு. அதன் விளிம்பிலிருந்துதான் மொட்டு கிளம்பும், பார்த்திருப்பீர்கள். சொந்த ஊர் மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துக் காடுகள். அங்கே மரக்கிளைகளில் தொற்றிக்கொண்டு வளரும். ராத்திரியில் விரியும், விடிவதற்குள் தொங்கிவிடும். வெக்கையில் வளர்ந்த செடிக்கு நம் மாடி ஒரு பொருட்டே இல்லை.

நிஜப் பிரம்ம கமலம் வேறு. சூரியகாந்தி, சாமந்தி குடும்பத்துச் செடி. இமயமலையில் ஏறத்தாழ 3,700 மீட்டருக்கு மேலே, மரம் வளர முடியாத உயரத்தில், பாறையும் புல்லுமாக இருக்கும் சரிவில் முளைக்கும். உத்தரகாண்டின் மாநிலப் பூ. பத்ரிநாத், கேதார்நாத்தில் சாமிக்குச் சாத்துகிறார்கள். பூ என்று நாம் படத்தில் பார்ப்பது வெளிறிய மஞ்சள்பச்சையில், எண்ணெய்க் காகிதம் மாதிரி மெல்லிய மடல்கள். அசல் பூக்கள் அதற்குள்ளே, கருஊதாவில், சின்னச் சின்னதாக ஒளிந்திருக்கும். மடல் வெயிலை உள்ளே விட்டு, சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கும், மழையையும் தடுக்கும். நாம் நர்சரியில் பாலித்தீன் குடில் போடுகிறோமே, அதையே அந்தச் செடி தன் உடம்பில் கட்டி வைத்திருக்கிறது. அந்தக் குடிலோடு நம் மண்டபம் ஊரில், கடலோரச் சித்திரை வெயிலில் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மலை என்றால் குளிர், குளிர் கொடுத்தால் மலைச் செடி வந்துவிடும் என்ற நினைப்புதான் என்னைப் படுத்துகிறது. ஐஸ் வைப்பவர் ஒரு ரகம். துபாயிலிருந்து வந்த ஒருவர் ஹாலில் ஏ.சி. போட்டு, கொடைக்கானலில் வாங்கிய ஹைட்ரேஞ்சியாவை அதன் கீழே வைத்திருந்தார். ஏ.சி. காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். மலையிலோ மூடுபனி இலையை நனைத்துக்கொண்டே இருக்கும். செடி பத்து நாள் தாங்கியது.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போல வெப்பம் குறையும். இதை எல்லோரும் சொல்வார்கள். கூடவே காற்றழுத்தமும் குறைகிறது, வெயிலில் புற ஊதாக் கதிர் கூடுகிறது. பகலில் முதுகைச் சுடும் அதே இடத்தில் ராத்திரி தண்ணீர் உறையும். நமக்குக் கடல் பக்கத்திலேயே கிடப்பதால் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசமே தெரியாது. அப்புறம் சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. இமயமலையில் தெற்கு பார்த்த சரிவு வெயில் வாங்கிக் காய்ந்து புல்லாகக் கிடக்கும், அதே மலையின் வடக்குச் சரிவில் ஈரமும் காடும் இருக்கும். குளிர்காலத்தில் பனிப் போர்வை மூடிய இடத்தில் வேர் பிழைக்கும். காற்று பனியை வாரிக்கொண்டு போன மேட்டில் வேறு செடிதான் நிற்கும். பத்தடி தள்ளினால் வேறு உலகம்.

மேலே போகப் போகச் செடி வகைகள் படிப்படியாகக் குறையும் என்பதும் சரியில்லை. நேபாளத்தில் கணக்கெடுத்தபோது 1,500 முதல் 2,500 மீட்டர் வரையுள்ள உயரத்தில்தான் பூக்கும் செடி வகைகள் அதிகம் இருந்தன. அந்த மலைக்கு மட்டுமே சொந்தமான செடிகளோ 4,000 மீட்டர் பக்கத்தில் அதிகம். அவ்வளவு கெடுபிடியான இடத்துக்குப் பழகியது இறங்கி வராது.

இமயமலை தூரம் என்றால் நம் நீலகிரிக்கே வாருங்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர். மேடெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. குளிர்காலத்து ராத்திரியில் கனமான குளிர்காற்று வழிந்து பள்ளத்துப் புல்லில் தேங்கி உறைபனியாகும். வெட்டவெளியில் முளைத்த மரக்கன்று கருகிவிடும். சோலைக்குள் மரக்கூரை காப்பாற்றும். தீ, காற்று, மண்ணின் ஆழம் என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ளும். மழையும் ஒரே மாதிரி கிடையாது. 2019 ஆகஸ்டில் மேற்குப் பக்கம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதே ஏறத்தாழ அவ்வளவுதான்.

அந்தப் புல்வெளியில் தனியாக நிற்கத் துணிந்த மரம் காட்டுப்பூவரசு. பேரைக் கேட்டதும் “நம்ம பூவரசுதானே” என்று ஒருவர் கன்று கேட்டார். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காட்டுப்பூவரசு இலையைக் கையில் எடுத்தால் தோல் மாதிரி தடிப்பு, அடிப்பக்கம் மெத்தென்று ரோமம். பட்டையும் தடிப்பு. உறைபனியையும் புல்தீயையும் தாங்குவதற்கு. நம் கரைப் பூவரசின் காயோ கடலில் மிதந்துபோய் வேறு கரையில் ஒதுங்கி முளைக்கும். அதற்கு உப்புக்காற்று சாதாரணம். இதைத் தொட்டபெட்டா உச்சியில் நட்டால் ஒரு தை மாதம் போதும், கதை முடிந்தது. இதை மட்டும் உடனே ஒப்புக்கொள்கிறீர்கள். அங்கிருந்து இங்கே என்றால் மட்டும் ஏன் வழக்காடுகிறீர்கள்?

ஆப்பிளுக்கு வருகிறேன். இலையுதிர்த்துத் தூங்கிய மரம் எழுந்து பூக்க, 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் குளிர் வேண்டும். மலை ரகங்கள் பலவற்றுக்கு ஆயிரம் மணி நேரம். மண்டபத்தில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குறைந்த குளிரில் காய்க்கும் ரகங்கள் உண்டு, சமவெளியில் சிலர் காய்க்கவும் வைத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஊற்றியது நல்ல தண்ணீர். ஆப்பிளுக்கு உப்பு ஆகவே ஆகாது.

அதனால் தயவுசெய்து கேளுங்கள். “ஒரிஜினல் பிரம்ம கமலம் விதை” என்று விற்பவனிடம் பணம் கட்டாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் டூர் போனால் போட்டோ எடுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது மூணாறு போய்வந்த ஒரு குடும்பம் ஈரத்துணியில் சுற்றி நாலு செடி கொண்டுவந்து என்னிடம் நட்டுத் தரச் சொன்னது. திட்டித்தான் அனுப்பினேன். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை பூத்து, விதை போட்டுச் செத்துப்போகும் செடி அது. விதை விழுவதற்கு முன்னால் பிடுங்கினால் 2030-இல் அங்கே பூத்து நிற்க எது மிஞ்சும்? மலை மண்ணையும் சாக்கில் கட்டி வராதீர்கள். அதோடு என்ன புழு, என்ன பூஞ்சை வரும் என்று யாருக்கும் தெரியாது.

லாத்தாவின் ஆப்பிளை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தத் தொட்டியை மழைத் தண்ணீரில் நாலைந்து தடவை அலசி மண்ணை மாற்றச் சொல்லி, ஒரு நந்தியாவட்டையும் ஒரு பூவரசங் கன்றும் கொடுத்தேன். “இது ரோட்டோரத்துல நிக்குற மரமாச்சே தம்பி” என்று முகம் சுளித்தார். ஆமாம் லாத்தா, நிற்கிறதே.

செடி கேட்டு வருகிறவர்கள் முதலில் உங்கள் வீட்டுப் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வாருங்கள். உப்பு மீட்டர் வைத்திருக்கிறேன், ஒரு நிமிஷ வேலை, காசு வேண்டாம். காலை பத்து மணிக்கு முன்னால் மட்டும் வராதீர்கள், நாற்றுக்குத் தண்ணீர் விடும் நேரம்.