மெலின்டா ஏன் பேசவில்லை?

பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் அடிக்கடி சொல்லும் நாவல், லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதி 1999இல் வெளிவந்த ‘ஸ்பீக்’. பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகராக, எனக்கு மிகவும் பிடித்த புத்தகமும் இதுதான்.

அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரம். ஒன்பதாம் வகுப்பில் சேரும் மெலின்டாவைப் பள்ளியே ஒதுக்கிவைக்கிறது. விடுமுறையில் நடந்த ஒரு விருந்துக்குப் போலீஸை வரவழைத்தவள் அவள்தான் என்று எல்லோருக்கும் கோபம். எதற்காக அழைத்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே மூத்த மாணவன் ஒருவன் அவளைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியிருந்தான் என்பது வாசகருக்கே தாமதமாகத்தான் தெரியவருகிறது.

ஆனால் அவள் உடல் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. கடித்துக் கடித்துப் புண்ணான உதடு, தீராத தொண்டை வலி, சரியும் மதிப்பெண்கள். வகுப்புக்குப் போகாமல் துப்புரவுச் சாமான் வைக்கும் பழைய அறையில் ஒளிந்துகொள்கிறாள். பெரியவர்கள் கண்ணில் படுவது மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் மட்டுமே. என்னிடம் அழைத்துவரப்படும் பிள்ளைகளைப் பற்றியும் இதே புகார்கள்தான்: “திடீரென்று திமிர் வந்துவிட்டது”, “வயிற்றுவலி என்கிறாள், ஸ்கேனில் ஒன்றுமில்லை.” இப்படி மாறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இத்தகைய கொடுமை நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பாசமாக இருந்த பெண் ஒரே மாதத்தில் வேறு ஆளாகிவிட்டால், திட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள் என்கிறேன்.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஓவிய ஆசிரியர் ஃப்ரீமன். ஆண்டு முழுவதும் வரைய அவளுக்குக் கிடைக்கும் பொருள் ‘மரம்’. அவள் வரைவதும் கிழிப்பதுமாக இருக்கிறாள். அவர் அவசரப்படுத்துவதில்லை, துருவித் துருவிக் கேட்பதுமில்லை. பேச வேண்டுமென்றால் கேட்க நான் இருக்கிறேன் என்பதை மட்டும் தெரியப்படுத்துகிறார். கடைசியில் அவள் அவரிடம்தான் வாய் திறக்கிறாள். பதின்மூன்று வயதில் தனக்கே நேர்ந்த வன்கொடுமையை ஆண்டர்சன் 2019இல் ‘ஷவுட்’ நூலில் விரிவாக எழுதினார். அத்தனை வருடம் ஆகிறது ஒருவருக்கு!

உங்கள் பிள்ளை சொல்லத் தொடங்கினால் “ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்று கேட்காதீர்கள். “அங்கே ஏன் போனாய்?” என்றும் வேண்டாம். “நீ சொன்னதை நம்புகிறேன், தப்பு உன்னுடையது இல்லை” என்று சொல்லுங்கள். என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தை அறிந்தவர் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம்; குடும்ப மானம் என்று மறைப்பதற்கு அதில் இடமில்லை. காயமோ வலியோ இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். போலீஸ் கடிதம் கொண்டுவந்தால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்லக்கூடாது.