‘கேர்லெஸ் மிஸ்டேக்’ என்று ஒரு பிழை கிடையாது

போன மாதம் சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்திலிருந்து ஓர் அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் தொடக்கக் கல்லூரியில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுப் படிப்பில், முதலாம் ஆண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத்தேர்வு எஸ்.ஏ.டி. மூன்று வாரத்தில் ஆறு மாதிரித் தேர்வு எழுதியிருக்கிறான், ஆறிலும் மதிப்பெண் 1600-க்கு 1340-க்கும் 1370-க்கும் நடுவிலேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. “எல்லாம் கேர்லெஸ் மிஸ்டேக்தான் டீச்சர், மத்தபடி இவனுக்குக் கணக்கெல்லாம் நல்லாத் தெரியும்” என்றார் அம்மா. பையனும் தலையாட்டினான். பதினான்கு வருடமாக இந்த நுழைவுத்தேர்வுகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த வாக்கியத்தைக் கேட்காத வாரம் கிடையாது.

சரி, எத்தனை கேர்லெஸ், எங்கே, ஏன் என்று கேட்டேன். தெரியவில்லை. ஆறு தேர்வு எழுதியவன் ஒன்றைக்கூடத் திரும்பித் திறந்து பார்க்கவில்லை, மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறான். எடை குறைய வேண்டும் என்று தினமும் எடை இயந்திரத்தில் மட்டும் ஏறி இறங்குகிற மாதிரிதான் இது.

உட்கார வைத்துக் கணக்குப் பகுதியைத் திறந்தோம். ஒரு கேள்வி ஏறக்குறைய இப்படி: 3எக்ஸ் + 6 = 21 என்றால் எக்ஸ் + 2 எவ்வளவு? இவன் எக்ஸ் = 5 என்று கண்டுபிடித்து, விடைகளில் 5 இருப்பதைப் பார்த்து, அழுத்திவிட்டுப் போய்விட்டான். விடை 7. முழுச் சமன்பாட்டையும் 3-ஆல் வகுத்தால் எக்ஸ் + 2 நேராகவே வந்து நின்றிருக்கும், எக்ஸைத் தேடிப் போகவே வேண்டாம். தவறாகப் போன பதினொரு கணக்குகளில் ஐந்து இதே வகை. கேட்டது ஒன்று, கொடுத்தது இன்னொன்று. ஒருவன் ஒரே இடத்தில் ஐந்து தடவை தடுக்கி விழுந்தால் அதைக் கவனக்குறைவு என்றா சொல்வோம்? அங்கே ஒரு கல் கிடக்கிறது.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலிருந்தே வழிமுறைக்கு மதிப்பெண் வாங்கிப் பழகியவர்கள். தொடக்கக் கல்லூரியின் எச்2 கணிதத்தில் முழுப் பக்கம் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசி வரியில் வழுக்கினால் ஒரு மதிப்பெண்தான் போகும், மீதியை ஆசிரியர் கருணையோடு போட்டுவிடுவார். எஸ்.ஏ.டி.-யில் கருணை கிடையாது. கடைசி வரி தவறென்றால் அந்தக் கேள்வியே போச்சு. இத்தனைக்கும் எச்2-வோடு ஒப்பிட்டால் எஸ்.ஏ.டி. கணக்கு எளிதுதான், அந்த எளிமைதான் ஆளைக் கவிழ்க்கிறது. பாதிக் கேள்வி படிக்கும்போதே கை விடையை நோக்கி ஓடிவிடுகிறது.

இதற்கு விலையும் அதிகம். 2023 மார்ச்சிலிருந்து அமெரிக்காவுக்கு வெளியே எஸ்.ஏ.டி. கணினியில்தான் நடக்கிறது. மொத்தம் 98 கேள்வி, 2 மணி 14 நிமிடம். ஆங்கிலம், கணிதம் இரண்டும் இரண்டிரண்டு பகுதிகளாக வரும். முதல் பகுதியில் நீங்கள் செய்ததைப் பார்த்துத்தான் இரண்டாம் பகுதி கடினமாக வரவேண்டுமா, எளிதாக வரவேண்டுமா என்று முடிவாகிறது. முதலில் அதிகம் சறுக்கினால் இரண்டாவது எளிதாக வரும், பிள்ளை சிரித்துக்கொண்டே வெளியே வரும், ஆனால் மதிப்பெண்ணுக்கு மேலே ஒரு கூரை விழுந்திருக்கும். அந்த எளிய பகுதியை முழுதும் சரியாகப் போட்டாலும் கணிதத்தின் முழு மதிப்பெண்ணான 800-ஐத் தொட முடியாது. அதனால் முதல் பகுதியின் 22 கணக்கில் செய்யும் ‘கேர்லெஸ்’ தன்னோடு நிற்பதில்லை, பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். கணக்கில் வேகமாக முடித்துவிட்டு ஆறு நிமிடம் மிச்சம் என்று பெருமைப்படுகிற பிள்ளைகளிடம், அந்த ஆறு நிமிடத்தைக் கேள்வியின் கடைசி வரியை மறுபடி படிப்பதற்குச் செலவழி என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் கதை வேறு. சின்னச் சின்னப் பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி. பையன் அங்கே இரண்டு விடைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு தவறானதை எடுத்திருக்கிறான். ஏன் இதை எடுத்தாய் என்றால், “அது உண்மைதானே டீச்சர்” என்றான். உண்மைதான், ஆனால் பத்தியில் அது இல்லை. தொடக்கக் கல்லூரியில் ஜி.பி. எனும் பொதுத்தாளுக்குக் கட்டுரை எழுதிப் பழகிய பிள்ளைகள் உலக அறிவையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிடுவார்கள். இந்தத் தேர்வில் மூட்டையை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். இதுவும் கேர்லெஸ் இல்லை பாருங்கள், அவன் மிகக் கவனமாக யோசித்துத் தவறு செய்திருக்கிறான்.

பெரியவர்களும் விதிவிலக்கில்லை. ஜூரோங்கில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளர், திருச்சிப் பக்கத்துக்காரர், முதுகலைக்காக ஜி.ஆர்.இ. எழுத வந்தார். தினமும் எம்.ஆர்.டி. ரயிலில் போக வர அட்டை அட்டையாகச் சொற்களை மனப்பாடம் செய்வார். ஆயிரத்துக்கு மேல் சேர்த்துவிட்டார், மதிப்பெண் நகரவில்லை. அவருடைய தவறுகளைப் பிரித்துப் போட்டதும் தெரிந்தது, பாதிக்கு மேல் அவருக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். வாக்கியத்தின் நடுவில் வருகிற ‘ஆனாலும்’, ‘இருந்தபோதிலும்’ மாதிரியான திருப்பங்களை அவர் தாண்டி ஓடியிருக்கிறார். வாக்கியம் இடது பக்கம் திரும்பியது, இவர் நேராகப் போய்விட்டார். கணக்கில் இன்னொன்று. எக்ஸ் பெரியதா, எக்ஸின் வர்க்கம் பெரியதா என்று கேட்டால் வர்க்கம்தான் என்று யோசிக்காமல் போடுவார். அரையின் வர்க்கம் கால்தானே? பூஜ்யம், ஒன்று, ஒன்றைவிடச் சிறிய பின்னம் மூன்றும் அவர் கண்ணிலேயே படவில்லை. அதன் பிறகு அவர் அட்டைகளை வீட்டில் வைத்துவிட்டுப் பழைய தவறுகளை மட்டும் ரயிலில் படித்தார்.

மேலாண்மைப் படிப்புகளுக்கான ஜி.மேட்டில் அதிகமாக நான் பார்ப்பது நேரச் சிக்கல். ஒரு பிரிவுக்கு 45 நிமிடம், எல்லாக் கேள்விக்கும் விடை போட்டபின் அந்த நேரத்துக்குள்ளேயே திரும்பிப் போய் மூன்று விடைகளைத்தான் மாற்றலாம். ஒரே கணக்கோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசி நாலு கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவார்கள், அப்புறம் அந்த நாலையும் கேர்லெஸ் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

நான் செய்யச் சொல்வது ஒரு நோட்டுப்புத்தகம், அவ்வளவுதான். மாதிரித் தேர்வு முடிந்ததும் விளக்கத்தைப் படிக்கக் கூடாது. தவறான கேள்வியை முதலில் தானாகவே மறுபடி போட்டுப் பார்க்கவேண்டும். அப்புறம், அந்த நேரத்தில் என்ன நினைத்து அந்த விடையை எடுத்தேன், அது ஏன் என்னை இழுத்தது, அடுத்த தடவை எந்த இடத்தில் நிறுத்துவேன் என்று சொந்த வார்த்தையில் எழுதவேண்டும். தமிழிலும் எழுதலாம், யாரும் திருத்தப்போவதில்லை. ‘கவனமாக இருப்பேன்’ என்று எழுதினால் அடித்துவிடுவேன், ‘கேள்வியின் கடைசி வரிக்கு அடிக்கோடு போடுவேன்’ என்றால் ஏற்றுக்கொள்வேன். ஒரு வாரம் கழித்து அதே கேள்விகள் மறுபடி. இரண்டு மணி நேரத் தேர்வுக்கு இந்த வேலை நாலு மணி நேரம் இழுக்கும், முதல் வாரம் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். மாதிரித் தேர்வுகளையும் சும்மா தீர்க்காதீர்கள். ஜி.ஆர்.இ.-க்கும் ஜி.மேட்டுக்கும் தேர்வு நடத்துபவர்களே தரும் இலவசக் கணினித் தேர்வுகள் இரண்டிரண்டுதான்.

தேசிய சேவையில், அதாவது கட்டாயப் படைச் சேவையில், இருக்கும் தம்பிகளுக்கு இந்த நோட்டு இன்னும் உதவும். முகாமில் மடிக்கணினியை விரித்துவைத்து முழுத் தேர்வு எழுதுவதெல்லாம் நடக்கிற காரியமில்லை, ஆனால் சீருடைப் பையில் ஒரு குட்டி நோட்டு அடங்கும். வார இறுதியில் வீட்டுக்கு வந்து ஒரு பகுதி எழுதுவது, வாரம் முழுக்க அதன் தவறுகளோடு இருப்பது. இப்படிப் படித்தே நல்ல மதிப்பெண் வாங்கிய பையன்கள் எனக்குத் தெரியும்.

இன்னொன்று, பணம் கட்டுவதற்கு முன்னால் தேர்வு தேவைதானா என்று பாருங்கள். தொடக்கக் கல்லூரி முடிவில் ஏ நிலைத் தேர்வு எழுதும் உள்ளூர்ப் பிள்ளை என்.யு.எஸ்., என்.டி.யு. ஆகிய சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களுக்குப் போக எஸ்.ஏ.டி. வேண்டியதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே கிடையாது. எம்.ஐ.டி. 2022-லும் ஹார்வர்ட் 2024-லும் மறுபடி கட்டாயம் என்று அறிவித்தன. வேண்டும் என்றால் முதலாம் ஆண்டு முடிந்த டிசம்பரில் எழுதிவிடுவது நல்லது. இரண்டாம் ஆண்டு அக்டோபருக்குத் தள்ளிப்போட்டால் ஏ நிலைத் தேர்வு வந்து கழுத்தில் உட்காரும்.

செங்காங் பையன் இப்போது மாதத்துக்கு இரண்டு மாதிரித் தேர்வுதான் எழுதுகிறான். அம்மாவுக்கு அது போதவில்லை, “இன்னும் ரெண்டு சேர்த்துக் கொடுங்களேன் டீச்சர்” என்று வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதிலுக்கு அவனுடைய நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. வகுப்பில் அவனோடு சேர்ந்து ஒரு பகுதி எழுதினேன், ஆரத்தைக் கேட்ட கேள்விக்கு விட்டத்தைக் கொடுத்துவிட்டேன். “கேர்லெஸா டீச்சர்?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அவனே நோட்டில் எழுதிவைத்தான்: டீச்சர் கடைசி வரியைப் படிக்கவில்லை.