கிராக் பிளகினை இறக்கும் முன்: திருகோணமலையில் வீட்டிலிருந்து பாட்டுச் செய்கிறவர்களுக்கு

கோணேசர் கோயில் திருவிழாவும் நத்தாரும் நெருங்கும்போது என் ஒலிப்பதிவு அறைக்கு வருகிற பாட்டுகளில் பெரும்பாலானவை இப்போது வீட்டிலேயே செய்யப்பட்டவை. உவர்மலையில் ஒரு பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பக்திப் பாட்டுக்கு வயலின் அடுக்கியிருக்கும். பாலையூற்றிலிருந்து ஒரு பாடகர் குழு ஓர்கன் சேர்த்த கரோலோடு வரும். கிண்ணியாவிலிருந்து வருகிற தம்பி, வாத்தியமே இல்லாமல் குரல்களை மட்டும் அடுக்கிய நஷீத் என்ற இஸ்லாமியப் பாட்டு ஒன்றைக் கொண்டுவருவார். குரலைப் பதிந்து, எல்லாவற்றையும் கலந்து ஒழுங்காக்கிக் கொடுப்பது என் தொழில். பாட்டுகள் நன்றாக இருக்கின்றன. அவை வந்துசேரும் லப்டொப்புகளைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன்.

பாட்டுச் செய்கிற மென்பொருளுக்குள் வாத்தியமாகவோ ஒலியைத் திருத்தும் கருவியாகவோ இயங்குகிற சிறு நிரல்தான் பிளகின். அதன் உரிமப் பூட்டை உடைத்துப் பரப்புகிற திருட்டுப் பிரதியைக் கிராக் என்கிறார்கள். அண்மையில் ஓர் இளைஞர், வாத்தியங்களின் ஒலிகளைப் பதிந்து சேர்த்த முழு ஓர்கெஸ்ட்ரா தொகுப்பு ஒன்றின் கிராக்கை டெலிகிராமில் கிடைத்த லிங்கில் இருந்து இறக்கியிருந்தார். பாஸ்வேர்ட் போட்ட ஸிப் கோப்பு. உள்ளே இருந்த குறிப்பின் முதல் வரி, வைரஸ் காவலை நிறுத்திவிட்டு நிறுவுங்கள் என்றது. நிறுவினார், வயலின்களும் ஒலித்தன. சில நாட்களில் அவருடைய யூடியூப் சேனலின் பெயர் மாறிவிட்டது. ஊர்க் கோயில் பாட்டுகள் எல்லாம் மறைந்து, கிரிப்டோ நாணயம் பற்றிய நேரலை ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. “பாஸ்வேர்ட்டை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல அண்ணா. போனுக்குக் கோட் கூட வரேல்ல” என்றார். அவர் சொன்னது உண்மை.

ஒருமுறை உள்நுழைந்த பிறகு ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேட்காமல் இருக்க, உலாவி ஒரு சிறு அடையாளக் கோப்பைச் சேமித்து வைக்கிறது. அதுதான் குக்கீ. கிராக்கோடு சேர்ந்து வருகிற திருட்டு நிரல் இந்தக் குக்கீகளையும் உலாவியில் சேமித்த பாஸ்வேர்ட்டுகளையும் அள்ளி வெளியே அனுப்பிவிடுகிறது. அந்தக் குக்கீ யாரிடம் இருக்கிறதோ அவரை ஏற்கெனவே உள்ளே வந்தவராகத்தான் கூகுள் பார்க்கும், கோட் கேட்காது. 2021 ஒக்டோபரில் கூகுளின் பாதுகாப்புப் பிரிவே இப்படிக் குக்கீ திருடி யூடியூப் சேனல்கள் பறிக்கப்படுவதை விரிவாக வெளியிட்டது. அங்கே தூண்டிலாக இருந்தது போலி விளம்பர வாய்ப்பு. இங்கே இலவச வயலின்.

இசை செய்கிறவர்களைக் குறிவைத்தே ஒரு வலை விரிக்கப்பட்டதும் நடந்திருக்கிறது. 2019 ஜூனில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் லவுட்மைனர் என்ற நிரலைப் பற்றி எழுதியது. கிராக் செய்த இசைப் பிளகின்களோடு சேர்த்தே அதைப் பரப்பியிருந்தார்கள். விண்டோஸ், மக் இரண்டுக்குமாக 137 மென்பொருட்கள் அந்த வலைத்தளத்தில் இருந்தன. நிறுவியவுடன் கணினிக்குள் மறைவாக இன்னொரு இயங்குதளம் ஓடத் தொடங்கி, மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டும், அதாவது உங்கள் கணினியின் உழைப்பில் அவர்களுக்கு நாணயம் சேர்க்கும். பாட்டுச் செய்கிறவர்களை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு ஈசெட் சொன்ன காரணத்தை நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவர்களிடம் வலுவான கணினி இருக்கும். அது சூடாகி, விசிறி இரைந்து, வேகம் குறைந்தால், ட்ராக் கூடிவிட்டது என்றுதான் இவர்கள் நினைப்பார்கள். சந்தேகம் வராது.

ஏற்கெனவே இப்படி ஒன்றை நிறுவியிருந்தால் ஒளிக்க வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம். முதலில் அந்த லப்டொப்பின் இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு வேறொரு சுத்தமான போனிலிருந்தோ கணினியிலிருந்தோ மின்னஞ்சல், வங்கி, யூடியூப் பாஸ்வேர்ட்டுகளை மாற்றுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில், உள்நுழைந்திருக்கிற எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுங்கள். இதைச் செய்தால் திருடுபோன குக்கீ செல்லாமல் போகும். லப்டொப்பில் இருந்து வேவ் (பதிந்த ஒலி), மிடி (வாசித்த நோட்டுகளின் குறிப்பு) கோப்புகளை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, விண்டோஸை முழுதாக அழித்து மீண்டும் நிறுவுங்கள். கிராக்கை மட்டும் நீக்கினால் போதும் என்று கடைகளில் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். உள்ளே வந்தது எங்கே ஒளிந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

சட்டப் பக்கமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. ஆனால் “வாங்கக் காசு இல்லை அண்ணா” என்கிற பிள்ளையிடம் சட்டத்தை மட்டும் காட்டி அனுப்ப எனக்கு மனம் வராது. ஒரு டொலர் 300 ரூபாவைச் சுற்றி நிற்கிற நாட்டில் அது நியாயமான சொல். ஆகவே காசு இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைச் சொல்கிறேன். நிறையத் தூரம் போகலாம்.

பியானோவுக்கு சலமண்டர் கிராண்ட் பியானோ இருக்கிறது. யமஹா சி5 பியானோவை மெல்லியதில் இருந்து பலமானது வரை 16 அழுத்த அளவுகளில் பதிவு செய்து இலவசமாகக் கொடுத்த தொகுப்பு அது. ஸ்ஃபோர்சான்டோ என்ற இலவச பிளேயரில் திறக்கலாம். ஓர்கெஸ்ட்ரா வேண்டுமா, ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா டிஸ்கவர் பதிப்பு இலவசம். லண்டனில் மைடா வேல் ஸ்டூடியோவில் அந்த வாத்தியக்குழுவே வாசித்துப் பதிந்தது. இறக்க 200 எம்பி அளவுதான். அதே தொகுப்பின் புரொஃபெஷனல் பதிப்பு 600 ஜிபி அளவு. அந்த இளைஞரின் லப்டொப்பில் 8 ஜிபி ரம் இருந்தது. பெரிய பதிப்பின் மேலதிக மைக் நிலைகளையும் வாசிப்பு முறைகளையும் அது தாங்காது. தாங்கினாலும், போன் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கிற மக்களுக்கு அந்த வேறுபாடு போய்ச்சேராது. பெரிய தொகுப்பு இருந்தால் பாட்டும் பெரிதாகும் என்ற நம்பிக்கைதான் கிராக்குகளின் பக்கம் இழுக்கிறது. டிஸ்கவரில் வயலின் மெல்லியதாக ஒலிக்கிறது என்று சொல்பவர்களில் பலர், நோட்டுகளின் அழுத்தம் எல்லாவற்றையும் ஒரே அளவில் வைத்திருப்பார்கள். கீபோர்டின் ஓரத்தில் இருக்கிற மொட்யூலேஷன் வீலால் ஒலியை ஏற்றி இறக்கி ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

மின்னணு ஒலிகளை உருவாக்குகிற சின்தசைசருக்கு சர்ஜ் எக்ஸ்டி போதும். திறந்த மூல மென்பொருள், முழுக்க இலவசம். வைட்டல் என்ற இன்னொரு சின்தசைசருக்கும் இலவசப் பதிப்பு உண்டு. எதிரொலிக்கு வல்ஹாலா சூப்பர்மாசிவ், ஒலியின் தடிப்பையும் கூர்மையையும் சரிசெய்கிற ஈக்யூவுக்கு டிடிஆர் நோவா. காசு வாங்கிச் செய்கிற வேலைகளிலும் இவை இரண்டையும் நான் பாவிக்கிறேன். இவற்றை எப்போதும் செய்தவர்களின் சொந்தத் தளத்தில் இருந்தே இறக்குங்கள். இலவசப் பிளகின்களையும் வேறு தளங்களில் கலப்படம் செய்து வைத்திருப்பார்கள். பாட்டுச் செய்கிற மென்பொருளுக்கு ரீப்பரைச் சொல்வேன். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டொலர். ஏறக்குறைய 18,000 ரூபா. ஒரு நல்ல மைக்கின் விலையை விடக் குறைவு.

பல ஒலித் தொகுப்புகளைத் திறக்கிற கொன்டாக்ட் என்ற மென்பொருள் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கொன்டாக்ட் பிளேயர் இலவசம். ஆனால் சின்ன நிறுவனங்கள் மலிவாக விற்கிற பல தொகுப்புகள் அந்தப் பிளேயரில் 15 நிமிடம்தான் ஒலிக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஏறக்குறைய 300 டொலர் விலையுள்ள முழுப் பதிப்பு வேண்டும். 10 டொலருக்குப் புல்லாங்குழல் வாங்கி, 15 நிமிடத்தில் அது ஊமையானதும் கிராக் தேடப் போனவரைப் பார்த்திருக்கிறேன். வாங்கும் முன், இலவச பிளேயரில் முழுதாக இயங்குமா என்ற ஒரே கேள்விக்கு அந்தப் பக்கத்தில் பதில் தேடுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

விலைக்கழிவுகளில் நிதானம் வேண்டும். நவம்பர் கடைசியில் வருகிற பிளக் ஃப்ரைடே உண்மையிலேயே நல்ல நேரம். ஆனால் பட்டியலில் 249 டொலர் என்று போட்டு, ஆண்டு முழுவதும் 30 டொலருக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் ஓடுகிற கடிகாரம் முடிந்தால் அடுத்த கிழமை இன்னொன்று ஓடும். சூப்பர்மாசிவைச் செய்த வல்ஹாலா போன்ற சிலர், தாங்கள் விலைக்கு விற்கிற பிளகின்களுக்குக் கழிவே போடுவதில்லை. 50 டொலர் என்றால் என்றைக்கும் 50 டொலர். அவர்களுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை.

பிளகின்களுக்கு மாதக் கட்டணத்தில் சேருவதை நான் இங்கே பரிந்துரைப்பதில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தாண்டியதை நாங்கள் பார்த்தவர்கள். கட்டணம் நின்றால் பழைய பாட்டுக்கோப்புகள் சரியாகத் திறக்காது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் பிளகின்களை இனிமேல் மாதக் கட்டணத்தில் மட்டும் தருவோம் என்று அறிவித்து, பாவனையாளர்கள் கொதித்ததால் சில நாட்களில் பின்வாங்கியது. கட்டி முடித்ததும் சொந்தமாகிவிடுகிற தவணைத் திட்டங்களும் உண்டு. அவை வேறு, இடையில் நிறுத்திவைக்க முடியுமென்றால் யோசிக்கலாம்.

வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குக் கார்ட் இல்லாதவர்கள் கனடாவில் இருக்கிற மாமாவிடமோ லண்டன் சித்தியிடமோ கேட்பது எங்கள் ஊர் வழக்கம். கேளுங்கள், தவறில்லை. ஆனால் கணக்கை உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் நீங்களே திறந்துவிட்டு, பணம் கட்டுவதை மட்டும் அவர்களிடம் விடுங்கள். மாமாவின் மின்னஞ்சலில் வாங்கினால் உரிமம் மாமாவுடையது. இப்படி ஒலித் தொகுப்பு விற்கிற பல சாம்பிள் நிறுவனங்கள் அதைப் பெயர் மாற்றித் தருவதில்லை. பழைய உரிமத்தை இன்னொருவரிடம் வாங்கும்போதும் அதே கதைதான்: மாற்றம் செல்லுமா என்று நிறுவனத்திடம் எழுதிக் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு கணக்கை வாங்கிப் பகிர்வதை விட்டுவிடுங்கள்.

இலவசமாகக் கிடைத்ததெல்லாம் எதற்கும் பாவிக்கலாம் என்றும் இல்லை. பார்சிலோனாவில் உள்ள பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தில் மழையும் கடலும் மணியோசையும் ஏராளம். ஆனால் ஒவ்வொன்றின் உரிமமும் வேறு. சிலவற்றுக்கு நிபந்தனை இல்லை, சிலவற்றில் பதிந்தவரின் பெயரைப் போட வேண்டும், சிலவற்றை வருமானம் வருகிற பாட்டில் சேர்க்கவே கூடாது. லூப் என்கிற, திரும்பத் திரும்ப ஓடவிடும் ஒலித்துண்டுகளின் தொகுப்புகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அதே மேள லூப்பை உலகம் முழுக்கப் பலர் வாங்கியிருப்பார்கள். அதில் ஒருவர் தன் பாட்டை, ஒரே ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கிற யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால், உங்கள் பாட்டின் மேல் உரிமைக்கோரல் விழும். வாங்கிய பற்றுச்சீட்டையும் உரிமப் பக்கத்தையும் ஒரு கோப்புறையில் சேமித்து வையுங்கள். முறையீடு செய்ய அவை வேண்டும். பாட்டில் லூப்பை வேறு ஒலி சேராமல் தனியாக ஓட விடாதீர்கள். கீழைத்தேயக் குரல் என்று விற்கிற துண்டுகளில் என்ன சொற்கள் இருக்கின்றன என்று, அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கேட்க வைத்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள். பல சமயத்தவர் அடுத்தடுத்த தெருவில் வாழும் எங்கள் ஊரில், ஓதலையோ மந்திரத்தையோ தெரியாமல் தாளத்துக்கு வெட்டி ஒட்டுவது பெரிய மனவருத்தத்தில் முடியும்.

எந்த விலை கொடுத்தாலும் அங்கே கிடைக்காத ஒலிகள் இருக்கின்றன. இந்திய வாத்தியங்கள் என்று விற்கிற தொகுப்புகளில் பெரும்பாலும் தபேலா, சித்தார், பன்சூரி. தவிலும் உடுக்கும் கிடைப்பது அரிது. நாதஸ்வரம் இருந்தாலும், கீயை அழுத்தினால் சுரம் அசையாமல் நிற்கும். கமகம் இல்லாத நாதஸ்வரத்தைக் கேட்டால் எங்கள் காது அரைநொடியில் கண்டுபிடித்துவிடும். நாதஸ்வரத்துக்குக் கலைஞர் ஒருவரை அழைத்து இரண்டு வரி வாசிக்கச் சொல்லிப் பதிவதுதான் ஒரே வழி என்பது என் முடிவு. தாள வாத்தியங்களை ஆனால் நீங்களே தொகுப்பாக்கலாம். இதில்தான் எனக்கு ஆசை அதிகம்.

உடுக்கை எடுத்துக்கொள்வோம். சின்ன அறையொன்றில் மெத்தையையும் துணிகளையும் சுவரோரம் நிறுத்துங்கள். விசிறியை நிறுத்துங்கள், ஓட்டோக்களும் காகங்களும் கிளம்புவதற்கு முந்திய நேரம் நல்லது. பதிவு மென்பொருளில் 24 பிட்டைத் தேர்ந்து, ஒலியளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ஒரே அடியை மெல்லியதில் இருந்து பலமாக நாலு அளவில், ஒவ்வொரு அளவிலும் நாலு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். நாலு தடவை எதற்கென்றால், ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் அது இயந்திரம் என்று உடனே தெரிந்துவிடும். மாறி மாறி ஒலித்தால் கை தெரியும். உடுக்கின் இடுப்புக் கயிற்றை இறுக்கும்போது சுருதி ஏறுகிற அந்த ஓசையைத் தனியாக நீளமாகப் பதியுங்கள். பிறகு டிசென்ட் சாம்ப்ளர் என்ற இலவசப் பிளகினில், எந்தக் கீக்கு எந்தக் கோப்பு, எந்த அழுத்தத்துக்கு எது என்று ஒரு சிறு எழுத்துக் கோப்பில் எழுதினால் போதும், வாத்தியம் தயார். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவையும், ரபானையும் பறையையும் இதே கவனத்தோடு பதிந்து வைக்கலாம். உலகில் பலர் இப்படித் தாங்கள் செய்த தொகுப்புகளைப் பியானோபுக் தளத்தில் இலவசமாகப் பகிர்கிறார்கள். அங்கே எங்கள் உடுக்கும் இருக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

அதற்கு முன் வாசிக்கிறவரிடம் பேசிவிடுங்கள். ஒரு பாட்டுக்கா, உலகம் முழுக்கப் பாவிக்கிற தொகுப்புக்கா என்று தெளிவாகச் சொல்லி, கூலியை முதலிலேயே பேசி, ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தொகுப்பை வெளியிடும்போது அவர் விரும்பினால் அவர் பெயரிலேயே வெளியிடுங்கள்.