யார் வாயிலிருந்து வந்த பாட்டு?

அழுகிற பிள்ளையிடம் 'உன்னை யார் அடித்தது?' என்று கேட்டுத் தொடங்கும் தாலாட்டு நம் ஊர்களில் பல வடிவங்களில் உண்டு. மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா, பாட்டி அடித்தாளா என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூச்செண்டைக் கொடுத்துவிட்டு, கடைசியில் யாருமே அடிக்கவில்லை என்று முடியும். தூளியில் கிடக்கிற பிள்ளைக்கு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். மாமன் என்றால் யாரென்று அதற்கு என்ன தெரியும்? சின்ன வயதில் என் அம்மாச்சியிடம் இதைக் கேட்டிருக்கிறேன். தூளிக் கயிற்றை விடாமலே பதில் சொன்னாள்: "அதுக்குத் தெரிய வேண்டாமா, தான் யாரு வீட்டுப் பிள்ளைன்னு?"

பெரியவர்கள் சொல்கிற பேச்சு என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். பச்சைக்குழந்தைகள் எதை எப்படிக் கேட்கிறார்கள் என்ற ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கிய பிறகு, அந்தப் பதிலை அப்படி விட முடியவில்லை.

கருவுக்குக் காது கேட்கத் தொடங்குவது ஏறத்தாழ ஆறாம் மாதம் முடிகிறபோது. வெளியிலிருந்து வரும் ஒலி, வயிற்றுத் தசையையும் பனிக்குட நீரையும் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கூர்மையான ஒலிகள் வழியிலேயே மழுங்கிவிடும். ஏற்ற இறக்கமும் தாளமும் போய்ச் சேரும். பக்கத்து வீட்டு ரேடியோவைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்பது போலத்தான்: வார்த்தை பிடிபடாது, மெட்டு பிடிபடும். அம்மாவின் குரல் மட்டும் அவள் உடம்பின் வழியாகவே உள்ளே இறங்குவதால் மற்றக் குரல்களைவிடத் தெளிவாக இருக்கும்.

பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளை வைத்து 1980இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். வாயில் ஒரு ரப்பர் காம்பு, காதில் ஹெட்போன். சப்பிச் சப்பி நிறுத்தும்போது, இடைவெளி ஒரு மாதிரி இருந்தால் அம்மாவின் குரல் ஒலிக்கும். வேறு மாதிரி இருந்தால் இன்னொரு பெண்ணின் குரல். குழந்தைகள் தங்கள் சப்பும் தாளத்தை மாற்றி மாற்றி அம்மாவின் குரலை வரவழைத்தார்கள். 2009இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இன்னும் வியப்பானது. 2 முதல் 5 நாள் வயதுள்ள 60 குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து பார்த்தபோது, பிரெஞ்சு பேசும் வீட்டுக் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறியது. ஜெர்மன் வீட்டுக் குழந்தைகளின் அழுகை மேலிருந்து கீழே இறங்கியது. அந்தந்த மொழியின் பேச்சு ஓட்டமும் அப்படித்தான். பெயர் வைப்பதற்கு முன்பே பிள்ளை தன் வீட்டு மொழியின் மெட்டில் அழுகிறது.

சரி, மெட்டு காதில் பதிகிறது. 'இவர் நம்மவர்' என்ற உணர்வு அதிலிருந்து எப்படி வருகிறது? 2016இல் ஹார்வர்டில் செய்த சோதனை இதைத்தான் பிடித்துப் பார்த்தது. ஐந்து மாதக் குழந்தைகளின் பெற்றோருக்கு, முன்பு கேட்டிராத ஒரு புதுப் பாட்டைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் ஓரிரு வாரம் வீட்டில் அதைப் பாடினார்கள். பிறகு குழந்தைக்குத் திரையில் முன்பின் தெரியாத இரண்டு பேரைக் காட்டினார்கள். ஒருவர் அந்தப் பாட்டைப் பாடினார். மற்றவர் அதே வார்த்தைகளை, அதே தாளத்தில், வேறு மெட்டில் பாடினார். பாடி முடித்து இருவரும் சும்மா சிரித்தபடி நின்றார்கள். வீட்டு மெட்டைப் பாடியவரின் முகத்தையே குழந்தைகள் அதிக நேரம் பார்த்தார்கள். வீட்டில் எவ்வளவு அதிகமாகப் பாடினார்களோ, பார்வையும் அவ்வளவுக்கு நீண்டது.

அடுத்து, அதே பாட்டை வேறு குழந்தைகளுக்கு ஒரு பொம்மையின் வழியாகக் கேட்க வைத்தார்கள். இன்னொரு குழுவுக்கு, அன்பாகப் பழகும் ஓர் அந்நியர் முதலில் நேரிலும் பிறகு வீடியோ அழைப்பிலும் பாடிக் காட்டினார். அந்தக் குழந்தைகளும் பாட்டைக் கேட்டார்கள், ரசித்தார்கள். ஆனால் அந்த மெட்டைப் பாடிய புது ஆளிடம் தனிப் பார்வை எதுவும் இல்லை. ஆக, குழந்தைக்கு மெட்டு மட்டும் போதவில்லை. அது யார் வாயிலிருந்து வந்தது என்பதும் சேர்ந்துதான் 'நம்ம ஆள்' என்ற அடையாளமாகிறது. தூங்க வைக்க செல்போனில் தாலாட்டை ஓடவிடுகிற வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சோதனை எனக்கு நினைவுக்கு வருகிறது. அந்த அம்மாக்களின் களைப்பு எனக்குப் புரியும். சுதி சேராமல் இரண்டு வரி பாடினாலும் போதும் என்று அவர்களிடம் சொல்ல ஆசை.

தாளத்துக்கும் இதே கதைதான். ஆறு மாதக் குழந்தைக்கு எந்த ஊர்த் தாளமும் ஒன்றுதான். பல்கேரியா, மாசிடோனியா பக்கத்து ஏழெண்ணிக்கைத் தாளத்தில் ஒரு தட்டு பிசகினாலும் வட அமெரிக்கக் குழந்தை கண்டுபிடித்துவிடும். ஒரு வயதாகும்போது அந்தத் திறமை மங்கிவிடுகிறது, தன் ஊர்த் தாளத்துக்கு மட்டும் காது கூர்மையாகிறது. கர்நாடக இசையின் ஏழெண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏழு என்பது கணக்குப் போட வேண்டிய எண்ணாக இருக்காது என்று நினைக்கிறேன்.

பேச்சு வந்ததும் கதை தொடங்குகிறது. நமக்கு முதன்முதலாக நினைவிருக்கிற சம்பவம் எந்த வயதில் நடந்தது? நியூசிலாந்தில் பெரியவர்களிடம் இதைக் கேட்ட ஆய்வு 2000இல் வந்தது. ஐரோப்பிய வழியினர் சொன்ன முதல் நினைவு சராசரியாக மூன்றரை வயதை ஒட்டியது. அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் சொன்னது இரண்டே முக்கால் வயதை ஒட்டியது. மாவோரிகளின் வாழ்வில் முன்னோர் கதைக்கும் குடும்பத்தின் பழங்கதைக்கும் பெரிய இடம் உண்டு. ஆய்வாளர்கள் இதற்குக் காரணமாகச் சுட்டுவது அதைத்தான். "அன்னைக்குத் திருவிழாவுல யானை வந்துச்சே, அப்ப நீ என்ன பண்ணுன?" என்று பெரியவர்கள் கேட்டுக் கேட்டுப் பிள்ளையைச் சொல்ல வைக்கும்போது, உதிரியாகக் கிடந்த காட்சிகள் முன்னும் பின்னுமாகக் கோத்துக்கொள்கின்றன. 'நான் பயந்து அப்பா தோளில் ஏறிக்கொண்டேன்' என்று சொல்லும் பிள்ளைக்கு அந்த 'நான்' ஒரு கதையின் ஆளாகக் கிடைக்கிறது. முழு வாழ்க்கையையும் ஒரே கதையாகச் சொல்லும் திறமை பதின்வயதில்தான் கூடிவருகிறது. பத்து வயது முதல் முப்பதுக்குள் நடந்தவை முதுமையிலும் அடர்த்தியாக நினைவில் நிற்பதற்கும், அந்த வயதில் கேட்ட பாட்டு ஒன்று டீக்கடையில் ஒலித்தால் கால் தானாக நிற்பதற்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாட்டும் கதையும் வீட்டு ஆட்களின் வாயிலிருந்து வந்தால்தான் பதியும் என்றால், டிவி போன்ற திரைக்கு வலுவே இல்லையா? இருக்கிறது, வளர்ந்தவர்களிடம் நிறையவே. 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட இந்திய மாநிலங்கள் சிலவற்றின் கிராமங்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றுண்டு. புதிதாகக் கேபிள் டிவி வந்த ஊர்களில், கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள்; ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்தது. நகரத்துப் பெண்களின் வாழ்க்கையைச் சீரியல்களில் தினம் பார்த்ததன் விளைவாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். 'பெண் என்றால் இப்படித்தான்' என்று ஊர் சொல்லிவந்த கதைக்குப் பக்கத்தில் இன்னொரு கதை வந்து உட்கார்ந்திருக்கிறது.

இப்படிச் சேர்ந்த 'நான்' கலையும்போதும் பாட்டு சட்டென்று போய்விடுவதில்லை. பழகிய பாட்டைக் கேட்கும்போது நீண்டகால இசை நினைவோடு இயங்கும் மூளைப் பகுதிகள், அல்சைமர் நோயில் மற்றப் பகுதிகளைவிடக் குறைவாகவே சிதைகின்றன என்று 2015இல் வந்த ஆய்வு காட்டியது.

அம்மாச்சிக்கும் கடைசி இரண்டு ஆண்டுகள் மறதி நோய். என்னை யாரென்று தெரியாது, "நீ எந்த ஊருப்பா?" என்று கேட்பாள். ஒரு மதியம் அவள் கட்டிலருகே உட்கார்ந்து அந்தத் தாலாட்டின் முதல் வரியை முனகினேன். இரண்டாவது வரியை அவள் எடுத்துக்கொண்டாள். மாமன் வருகிற இடத்தில் பெயர் சொல்லிப் பாடுவது எங்கள் வீட்டு வழக்கம். மகன் வழிப் பேரன்களுக்குப் பாடும்போது அந்த இடத்தில் மருமகளின் அண்ணன் பெயரைச் சொல்வாள். மகளின் பிள்ளை நான் ஒருவன்தான். எனக்குப் பாடும்போது மட்டும் அங்கே அவள் மகன் பெயர் வரும். அந்த இடம் வந்ததும் ஒரு நொடி நின்றாள். அப்புறம் என் தாய்மாமன் பெயரைச் சொல்லிப் பாடினாள்.