மாஸ்டைட்டிஸ்: முலையழற்சி

பிரசவமான தாயின் மருந்துச் சீட்டில் காணப்படும் ‘மாஸ்டைட்டிஸ்’ கிரேக்க வேர்களிலிருந்து அமைந்த சொல். ‘மாஸ்டோஸ்’ என்பது முலை. ‘ஐட்டிஸ்’ என்னும் ஈறு அழற்சியைக் குறிக்கும். தமிழில் மார்பக அழற்சி, முலையழற்சி ஆகிய இரண்டும் வழங்குகின்றன. முலைப்பால், முலைக்காம்பு என்று இயல்பாகச் சொல்லும் நமக்கு முலையழற்சி என்பதில் கூச்சம் வேண்டியதில்லை. அதுவே நேரான சொல். அழல் என்றால் நெருப்பு. இந்த நோயும் தொட்டால் சுடுவதுதான்.

வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் கறவை மாட்டுக்கு இந்நோய் வந்தால் மடிநோய் என்று தனியே பெயர் சொல்லுவார்கள். தாய்க்கு வந்தாலோ எல்லாமே ‘பால் கட்டிக்கிச்சு’தான். பால்கட்டு என்பது பிரசவமான சில நாள்களில், பெரும்பாலும் இரு பக்கமும், பால் நிறைந்து கனத்து இறுகுவது. முலையழற்சி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் சிவந்து வீங்கி வலித்து, 38.5 டிகிரி செல்சியசைத் தாண்டும் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் உடம்புவலியும் சேர வருவது. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், புறங்கையை வைத்து இரு பக்கத்துச் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் தாய் காலையில் ஊட்டிவிட்டு மாலையில்தான் திரும்புகிறாள் என்றால், இடையில் பால் தேங்கும். அன்றிரவு வரும் நடுக்கத்தை மலைக்குளிர் என்றெண்ணிப் போர்த்திப் படுத்துவிட்டால் ஒரு நாள் வீணாகும்.

பாலூட்டுவதை நிறுத்தக் கூடாது. அந்தப் பாலால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அழுத்தி உருவிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். ஆனால் பாலூட்டல் சார்ந்த பன்னாட்டு மருத்துவர் அமைப்பான ‘அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின்’ 2022இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, அழுத்தித் தேய்ப்பதும், ஒட்டப் பீய்ச்சிவிட வேண்டும் என்று மேலும் மேலும் பால் எடுப்பதும் வீக்கத்தைக் கூட்டும். குழந்தை கேட்கும் அளவுக்கு ஊட்டி, துணி சுற்றிய பனிக்கட்டியால் ஒத்தடம் கொடுத்து, மருத்துவரைக் கேட்டு ஐபுப்ரோஃபென் அல்லது பாராசிட்டமால் எடுத்தால் போதும். மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது பாலை வற்றச் செய்யும் பழைய வழி. தொடர்ந்து ஊட்ட நினைப்பவருக்கு அது ஆகாது.

24 மணி நேரத்தில் தணியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். கிருமித்தொற்று என்றால் ஆன்டிபயாடிக் தருவார்கள், அதை இடையில் விடக் கூடாது. காய்ச்சல் இறங்கிய பிறகும் வலிக்கும் கட்டி ஓரிடத்தில் நின்றால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். ஸ்கேன் செய்து, ஊசியால் சீழை எடுக்க வேண்டிவரும்.