மீன் வாடையும் ஹைட்ரஜன் பிணைப்பும்

புதுச்சேரியிலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவி கேட்டிருக்கிறார்: “அசிட்டோனில் ஹைட்ரஜன் இருக்கிறது, ஆக்சிஜனும் இருக்கிறது. அப்புறம் ஏன் சார் அதன் மூலக்கூறுகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை என்கிறார்கள்?”

ஹைட்ரஜன் பிணைப்பு என்பது ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான் ஜோடி ஈர்த்துப் பிடிப்பது. வாய்பாட்டை மட்டும் பார்த்தால் இப்படித்தான் குழம்பும். எந்த அணு எதோடு ஒட்டியிருக்கிறது என்று படம் போட்டுப் பார்க்க வேண்டும். நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் இந்த மூன்றில் ஒன்றோடு நேரடியாக இணைந்த ஹைட்ரஜன் இருக்கிறதா? பக்கத்து மூலக்கூறில் அதே மூன்றில் ஒன்று, தனித்த ஜோடி (எந்தப் பிணைப்பிலும் சேராத) எலக்ட்ரான்களோடு இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பிணைப்பு உண்டு. அசிட்டோனின் ஆறு ஹைட்ரஜனும் கார்பனில் உட்கார்ந்திருக்கின்றன. ஹைட்ரஜனை வாங்க ஆக்சிஜன் என்ற ஆள் உண்டு, கொடுக்கத்தான் ஆள் இல்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும்; அதனால்தான் அசிட்டோன் தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கிறது.

ஏன் அந்த மூன்று மட்டும்? சிறிய அணுக்கள், எலக்ட்ரானை வலுவாக இழுப்பவை. ஹைட்ரஜனிடம் இருப்பதே ஒற்றை எலக்ட்ரான். அதையும் இழுத்துவிட்டால் உட்கரு ஏறக்குறைய வெறுமனே நிற்கும்; பக்கத்து மூலக்கூறின் தனித்த ஜோடி அதைப் பிடித்துக்கொள்ளும். குளோரினும் நைட்ரஜன் அளவுக்கு இழுக்கும்தான், ஆனால் அணு பெரிது, மின்சுமை பரவிவிடுகிறது.

சரி, கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு வாருங்கள். அங்கே மூக்கில் ஏறும் வாடையில் பெரும்பங்கு டிரைமெத்திலமீனுடையது. கடல் மீனின் உடலில் வாடையே இல்லாத ஓர் ஆக்சைடாக இருப்பதை, மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் இப்படி மாற்றிவிடுகின்றன. இதில் மூன்று கார்பன், ஒன்பது ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன். இதே அணுக்களை வேறு விதமாகக் கோத்தால் புரொப்பைலமீன், எத்தில்மெத்திலமீன் என்ற மாற்றியங்கள் கிடைக்கும். எடை மூன்றுக்கும் ஒன்றே. புரொப்பைலமீனின் நைட்ரஜனில் இரண்டு ஹைட்ரஜன். கொதிநிலை சுமார் 48 டிகிரி செல்சியஸ். எத்தில்மெத்திலமீனில் ஒன்று; சுமார் 36. டிரைமெத்திலமீனின் நைட்ரஜனிலோ ஒன்றுகூட இல்லை. கொதிநிலை தடாலென 3 டிகிரிக்கு விழுகிறது! மூலக்கூறின் வடிவத்துக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு என்றாலும், முக்கியக் காரணம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள ஹைட்ரஜன் பிணைப்பு இல்லாததே. கடலூர் வெயிலில் இது தனியாக இருந்தால் வாயுதான்.

ஆனால் நைட்ரஜனில் தனித்த ஜோடி இருக்கிறதே, அதைத் தண்ணீரின் ஹைட்ரஜன் பிடித்துக்கொள்ளும். அதனால் இது தண்ணீரில் நன்றாகவே கரைகிறது. ஆனாலும் அந்தப் பிடி நிலைக்காது. திரவ நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு பிக்கோசெகண்ட் கணக்கில், அதாவது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் நீடிக்கும்; அறுந்து வேறொன்றோடு சேரும். (தண்ணீரின் ‘கட்டமைப்பை’ மாற்றி, அது மாறாமல் பாட்டிலில் அடைத்துத் தருகிறோம் என்று காசு பிடுங்குபவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். அந்தக் காசுக்கு ஒரு அரசுப் பள்ளி ஆய்வகத்துக்கு நல்ல வெப்பமானியாவது வாங்கித் தரலாம்.)

வாடையை நிஜமாகவே அடக்குவது புளி. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அந்தத் தனித்த ஜோடிக்கு ஒரு புரோட்டானை (ஹைட்ரஜனின் உட்கருவை) முழுசாகவே கொடுத்துவிடுகிறது. இது ஹைட்ரஜன் பிணைப்பைத் தாண்டிய விவகாரம். டிரைமெத்திலமீன் (சுருக்கமாக அமீன்) நேர்மின் சுமையுள்ள அயனியாகி நீரிலேயே தங்கிவிடும். காற்றில் ஏறாது, மூக்குக்கும் வராது. மீன் கழுவிய கையில் எலுமிச்சை மூடியைத் தேய்த்தால் நடப்பதும் இதுவே. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், ஆனால் அது காரம். அமீனை அமீனாகவே விட்டுவிடும்.